லோக்நாயக் ஜே.பி.யும் டயாலிசிஸ் இயந்திரமும்

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை (ஊர்: பண்ணைப்புரம்)



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்று நம் சங்கத்தில் கேட்டார்கள. பண்ணைப்புரத்துக்காரன் என்றதும் இளையராஜாவைப் பற்றித்தான் எழுதப் போகிறான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருப்பீங்க. அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது பீகார்க்காரர் ஒருவரைப் பற்றி. ஜெயப்பிரகாஷ் நாராயண்... சுருக்கமாக ஜே.பி. நெருக்கடி நிலை பற்றிய பாடத்தில் ஒரு வரியில் வந்து போவாரே, அவரேதான்.

எதற்கு அவர்? காரணம் இருக்கிறது. தன் வாழ்வின் கடைசி நான்கு ஆண்டுகளை அவர் டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையோடு வாழ்ந்தார். இன்றைக்கு நம் கம்பம் பள்ளத்தாக்கில் டயாலிசிஸ் என்ற வார்த்தை தெரியாத ஊரே இல்லை. தேவாரம், கோம்பை, உத்தமபாளையம்... எந்த பஸ்ஸில் ஏறினாலும் கையில் ஒரு பை, முழங்கைப் பக்கம் ஒரு பிளாஸ்டர் என்று யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். எங்கள் பெரியப்பாவும் அதில் ஒருவர். இரத்தம் சுத்தமாகிறது, உயிர் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதரின் நினைவு, கவனம், முடிவெடுக்கும் திறன் இதெல்லாம் என்ன ஆகிறது என்று யாரும் பேசுவதில்லை. அதைப் பேச ஜே.பி.யின் வாழ்க்கையை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

திராட்சை பறித்த மாணவர்

1902ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி பீகாரின் சிதாப்தியாரா கிராமத்தில் பிறந்தார் ஜே.பி. 1920இல் பிரபாவதியுடன் திருமணம். அப்போது ஒத்துழையாமை இயக்கம் நடந்து கொண்டிருந்தது. நன்றாகப் படித்துக் கொண்டிருந்தவர் கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டார். படிப்பின் மேல் வெறுப்பு இல்லை; ஆங்கிலேய அரசின் உதவியில் நடக்கும் படிப்பு வேண்டாம், அவ்வளவுதான்.

1922இல் அமெரிக்கா போனார். கையில் காசு கிடையாது. அங்கே என்ன வேலை பார்த்தார் தெரியுமா? கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை! பழம் பறிப்பது, வெயிலில் உலர்த்துவது. பிறகு ஓட்டலில் தட்டு கழுவினார், தொழிற்சாலையில் வேலை செய்தார். சின்ன வயதில் கம்பம் திராட்சைத் தோட்டத்தில் வெட்டுக்குப் போய்க் காசு சேர்த்து ஃபீஸ் கட்டிய நம்மில் பலருக்கு அந்தக் கை வலி தெரியும். இப்படி உழைத்தே பல பல்கலைக்கழகங்களில் படித்தார். கடைசியில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் எம்.ஏ. முடித்து 1929இல் நாடு திரும்பினார். அந்த ஏழு ஆண்டுகளில் பிரபாவதி அம்மையார் காந்தியடிகளின் ஆசிரமத்தில் இருந்து பிரம்மச்சரிய விரதம் ஏற்றிருந்தார். கணவர் அதை மதித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி உருவானபோது அதன் தூண்களில் ஒருவர் ஜே.பி. 1942இல் ஹசாரிபாக் சிறை. தீபாவளி இரவில் காவலர்கள் கொண்டாட்டத்தில் இருந்தபோது, வேட்டிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி, தோழர்கள் ஐந்து பேருடன் மதில் ஏறித் தப்பினார். சினிமா மாதிரி இருக்கிறது அல்லவா! அடுத்த ஆண்டு பிடிபட்டார். லாகூர் கோட்டையில் தூங்கவிடாமல் வதைத்தார்கள். 1946இல்தான் விடுதலை.

சுதந்திரம் வந்த பிறகு அவர் பதவியைத் தேடிப் போகவில்லை. 1954இல் வினோபாவின் பூதான இயக்கத்துக்குத் தன் வாழ்நாளையே தானமாகக் கொடுத்தார். தமிழ்நாட்டில் அதே இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி. 1972இல் சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் ஆயுதங்களைக் கீழே போட்டது ஜே.பி.யின் முன்னால்தான். 1973 ஏப்ரலில் பிரபாவதி புற்றுநோயால் இறந்தார். அதோடு அவர் ஒடுங்கிவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

சிறையில் தொடங்கிய நோய்

1974இல் பீகார் மாணவர்கள் ஊழலையும் விலைவாசியையும் எதிர்த்துக் கிளம்பினார்கள். எழுபதைத் தாண்டியிருந்த ஜே.பி.யைத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். ஏற்றார். நடுவில் புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்காக நம் வேலூருக்கு வந்து போனார். ஜூன் 5ஆம் தேதி பாட்னா காந்தி மைதானத்தில் முழுப் புரட்சி என்ற முழக்கத்தை வைத்தார்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. விடிவதற்குள் ஜே.பி.யைக் கைது செய்தார்கள். சண்டிகரில் உள்ள பெரிய அரசு மருத்துவமனையில் தனிக் காவலில் வைத்தார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பு பின்னால் புத்தகமாக வந்தது. சில மாதங்களில் உடம்பு வேகமாக மோசமானது. நவம்பர் 12ஆம் தேதி பரோலில் விட்டார்கள். பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டது தெரிந்தது. இனி வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ். அப்போது அவருக்கு வயது 73.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, அந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வருவோம். பாலிடெக்னிக் மாணவர்கள் இயந்திரத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகலாமா?

சாசேஜ் உறையில் பிறந்த இயந்திரம்

நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்று ஓர் இளம் டாக்டர். இரண்டாம் உலகப் போரின் நடுவே, கம்பென் என்ற சிற்றூரில், கிடைத்த சாமான்களை வைத்து 1943இல் செயற்கைச் சிறுநீரகம் செய்தார். இறைச்சி அடைக்கும் சாசேஜுக்குப் பயன்படும் செலோஃபேன் உறைதான் சவ்வு. அதை ஒரு பெரிய உருளையில் சுற்றி, உப்புக் கரைசல் தொட்டியில் சுழலவிட்டார். சுழலும் உருளைக்குள் இரத்தம் ஒழுகாமல் போக, ஃபோர்டு காரின் வாட்டர் பம்ப்பில் இருக்கும் இணைப்பைப் பார்த்து வழி கண்டுபிடித்தார். முதலில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945 செப்டம்பரில், சிறுநீரகம் நின்று நினைவிழந்து கிடந்த 67 வயது அம்மையார் ஒருவரை இயந்திரத்தில் இணைத்தார். பல மணி நேரம் கழித்து அந்த அம்மாள் கண் திறந்து பேசினார்!

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். டயாலிசிஸின் முதல் வெற்றி வெளியே தெரிந்தது எப்படி? அணைந்து கிடந்த ஒரு மனம் திரும்பி வந்ததில்தான். சிறுநீரகம் நின்றால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். அது மூளையை மந்தமாக்கும். குழப்பம், தூக்கம், கடைசியில் மயக்கம். ஆக, சிறுநீரகத்துக்கும் சிந்தனைக்கும் உள்ள உறவு முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

கோல்ஃபின் இயந்திரம் சில வாரத்துக்குத் தாங்கும், வருஷக்கணக்கில் தாங்காது. ஒவ்வொரு தடவையும் புதிதாக இரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர், கையில் நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் குழாய் இணைப்பைக் கொண்டு வந்தார். அதில் முதலில் நீண்ட காலம் வாழ்ந்தவர் கிளைட் ஷீல்ட்ஸ்... நம்மை மாதிரி இயந்திரத் தொழிலாளி, மெஷினிஸ்ட்! பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியாவில் 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் டயாலிசிஸ் நடந்தது. ஆனாலும் ஜே.பி. படுத்த 1975இல் நீண்ட கால டயாலிசிஸ் என்பது நம் நாட்டில் மிகச் சிலருக்கே கிடைத்தது.

இயந்திரத்தோடு நான்கு ஆண்டுகள்

ஜே.பி.க்குச் சொந்தமாக ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தர நாடு முழுவதும் மக்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள். பிரதமரின் நிவாரண நிதியிலிருந்தும் பணம் வந்தது. மக்கள் கொடுத்ததே போதும் என்று அதை மரியாதையோடு திருப்பி அனுப்பிவிட்டார். நோயாளி ஒருவர், தன் சிகிச்சைக்கு யார் பணம் என்பதைத் தானே முடிவு செய்கிறார். சின்ன விஷயமாகத் தோன்றும். சின்ன விஷயம் இல்லை.

1976இல், இன்னும் நெருக்கடி நிலை இருந்த நேரத்தில், பம்பாயில் எதிர்க்கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டு ஒரே கட்சியாகச் சேருங்கள் என்று வலியுறுத்தினார். பிறகு பாட்னா திரும்பினார். கதம் குவான் வீட்டில் டயாலிசிஸுக்கு ஏற்பாடு நடந்தது. 1977 ஜனவரி 18ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. ஐந்து நாளில் ஜனதா கட்சி. டயாலிசிஸுக்கும் டயாலிசிஸுக்கும் நடுவே கிடைத்த நாட்களில் அவர் கூட்டங்களுக்குப் போனார். அவரால் பழையபடி மணிக்கணக்கில் பேச முடியாது. எப்போது முடியுமோ அப்போது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று தன் சக்தியை அளந்து செலவழித்தார்.

மார்ச்சில் ஆட்சி மாறியது. பிரதமர் யார் என்பதில் மூன்று பெரியவர்களுக்குள் போட்டி. முடிவு செய்யும் பொறுப்பை ஜே.பி.யிடமும் ஆச்சாரிய கிருபளானியிடமும் விட்டார்கள். மொரார்ஜி தேசாய் தேர்வானார். மார்ச் 24ஆம் தேதி ராஜ்காட்டில் புதிய எம்.பி.க்களுக்கு ஜே.பி. உறுதிமொழி செய்து வைத்தார். அந்த ஆண்டே சிகிச்சைக்காக சியாட்டிலுக்கும் போய் வந்தார். ஸ்க்ரிப்னரின் ஊர்! ஆகஸ்ட்டில் பாட்னா வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார்... தோற்றுப் போன இந்திரா காந்தி. தன்னைச் சிறையில் வைத்தவரை அன்போடு வரவேற்றார் ஜே.பி.

இதையெல்லாம் செய்தவர் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக டயாலிசிஸில் இருந்த ஒரு முதியவர். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டயாலிசிஸ் என்றாலே மனம் முடிந்தது என்பது பொய் என்று காட்ட இந்த ஒரு வாழ்க்கை போதும்.

தண்ணீரில் ஒளிந்திருந்த எமன்

ஜே.பி. இயந்திரத்தில் வாழ்ந்த அதே ஆண்டுகளில், வெளிநாட்டு டயாலிசிஸ் மையங்களில் ஒரு பயங்கரம் நடந்தது. நல்லா பேசிக் கொண்டிருந்த நோயாளிகளுக்கு நாக்கு குழறியது. வார்த்தை வராமல் தடுமாறினார்கள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வலிப்பு வந்தது, புத்தி பேதலித்தது, பலர் இறந்தார்கள். ஒரு ஊரில் நிறைய பேருக்கு, இன்னொரு ஊரில் யாருக்கும் இல்லை. ஏன்?

1976இல் அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஆல்ஃப்ரி குழுவினர், இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அலுமினியம் எங்கிருந்து வந்தது? முக்கிய வழி தண்ணீர். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்கிறோமே, அது அலுமினிய உப்பு. பாஸ்பரஸைக் குறைக்கக் கொடுத்த அலுமினிய மாத்திரைகளும் இன்னொரு வழி.

இங்கே நம் கணக்குப் பாடத்தை எடுப்போம். டயலைசருக்குள் கரைசல் ஓடும் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 500 மில்லி. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று தடவை என்றால் 360 லிட்டர். நாம் ஒரு வாரத்துக்குக் குடிப்பது பதினைந்து, இருபது லிட்டர் இருக்குமா? குடித்த தண்ணீரைக் குடல் வடிகட்டும். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும். டயாலிசிஸ்காரருக்கோ ஒரு மெல்லிய சவ்வுதான் நடுவில். அதனால்தான் இந்தியக் குடிநீர்த் தரத்தில் அலுமினியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளப்பட்டாலும், டயாலிசிஸ் தண்ணீருக்கு எல்லை 0.01தான். இருபதில் ஒரு பங்கு! குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் டயாலிசிஸுக்கு நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

ஆர்.ஓ. முறை வந்த பிறகு இந்த நோய் அரிதாகிவிட்டது. ஒழிந்துவிட்டதா? 1996இல் கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவில் புதுக் குழாய் போட்டார்கள். உள்பக்கம் சிமெண்ட் பூச்சு. அந்தப் பூச்சிலிருந்து அலுமினியம் தண்ணீரில் கரைந்து டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பத்து நோயாளிகள் இறந்தார்கள். சிவில் துறை நண்பர்களே, ஒரு குழாயின் பூச்சு! அதைப் போட்டவருக்கு, கடைசியில் யாருடைய மூளைக்குள் அது போய்ச் சேரும் என்று தெரிந்திருக்காது.

இன்றைக்கு மங்குவது ஏன்?

தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் டயாலிசிஸில் உள்ளவர்களுக்கு மறதியும் மந்தமும் வருவது உண்டு. 2006இல் அமெரிக்காவில் 55 வயதுக்கு மேற்பட்ட 338 டயாலிசிஸ் நோயாளிகளைச் சோதித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் கடுமையான குறைபாடு. எட்டில் ஒருவர்தான் இயல்பாக இருந்தார். ஆனால் மருத்துவக் குறிப்பில் இது எழுதப்பட்டிருந்தது நூற்றில் மூன்று பேருக்குக்கூட இல்லை. அதாவது யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை!

அதிகம் அடிபடுவது பழைய நினைவு அல்ல. வேகம், கவனம், திட்டமிடல். சின்ன வயது விஷயத்தைத் தெளிவாகச் சொல்வார். இன்று எந்த மாத்திரை போட்டோம் என்பதில் தடுமாறுவார். காரணங்கள் பல:

ஒன்று, இரத்தக் குழாய்கள். சர்க்கரையும் பி.பி.யும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போதே மூளையின் நுண் குழாய்களையும் கெடுக்கின்றன. பக்கவாதத்தின் ஆபத்தும் கூடுதல். நம் ஆண்டிபட்டித் தொகுதிக்கு இது பழைய செய்தி. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் சேர்ந்து பேச்சைப் பாதித்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அவர் அங்கே படுக்கையில் இருக்கும்போதே ஆண்டிபட்டி மக்கள் அவரை ஜெயிக்க வைத்தார்கள். (ஜஸ்லோக்கில் ஜே.பி.க்குச் சிகிச்சை தந்த டாக்டர் எம்.கே. மணி பிற்பாடு சென்னைக்கு வந்து அப்போலோவில் சிறுநீரகத் துறையை நடத்தியவர் என்பது ஒரு கூடுதல் தகவல்.) பேச்சு குழறினால் புத்தியும் போய்விட்டது என்று நினைப்பது சுலபம். இரண்டும் வேறு வேறு.

இரண்டு, இயந்திரத்தில் இருக்கும்போது பி.பி. இறங்குவது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே மூன்று, நான்கு கிலோ தண்ணீர் ஏறி வந்தால், நான்கு மணி நேரத்தில் அதை வேகமாக எடுக்க வேண்டும். பி.பி. இறங்கும். மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். இது வாரம் மூன்று தடவை என்றால் சேதம் சேர்ந்து கொண்டே போகும். ஆகவே கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்பது காலில் வீக்கம் வராமல் இருக்க மட்டும் இல்லை, மூளைக்காகவும்தான்.

மூன்று, மருந்து. நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின் போன்ற சில மருந்துகள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். அளவு குறைக்காவிட்டால் தேங்கிக் குழப்பம் உண்டாக்கும். ஸ்டார் ஃப்ரூட் என்கிற ஐந்து மூலைப் பழமும் அப்படித்தான். நமக்குப் பழம், சிறுநீரகம் நின்றவருக்கு விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டு போகும் விஷம்.

நான்கு, இரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு. மனச்சோர்வு பல நேரம் மறதி மாதிரியே வேஷம் போடும்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் கண்டுபிடித்தால் சரி செய்யக் கூடியவை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவர்களில் பலருக்குக் கவனமும் நினைவும் தேறுவதையும் பார்த்திருக்கிறார்கள். இயந்திரத்திலேயே கூட வழி தேடுகிறார்கள். கரைசலின் வெப்பத்தை உடல் வெப்பத்தைவிட அரை டிகிரி குறைத்து ஓட்டியபோது மூளையின் வெள்ளைப் பகுதியில் சேதம் குறைந்ததாக 2015இல் இங்கிலாந்தின் சிறிய ஆய்வு ஒன்று சொன்னது. 2022இல் கனடாவில் நடந்த மிகப் பெரிய ஆய்விலோ, குளிர்ந்த கரைசலால் இதயச் சாவுகள் குறையவில்லை. ஆக, இன்னும் முடிவாகாத கணக்கு. ஆனால் அரை டிகிரி... சென்சாரும் ஹீட்டரும் கன்ட்ரோலரும் நம்ம சப்ஜெக்ட் ஆச்சே!

எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம்

பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. திராட்சைப் பெட்டிக் கணக்கை மனதிலேயே போடுகிறவர். கொஞ்ச நாளாகக் கேட்டதையே கேட்கிறார் என்று வீட்டில் பேச்சு. மெதுவாக வரவு செலவு நோட்டு அவர் கையை விட்டுப் போனது. பாஸ் புக்கும் போனது. அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவரும் பேச்சைக் குறைத்துக் கொண்டார்.

நான் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். டயாலிசிஸ் நாள், ஏறிய எடை, பி.பி., சாயங்காலம் எப்படிப் பேசினார், மறுநாள் காலை எப்படிப் பேசினார். இரண்டு மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. தண்ணீர் அதிகம் ஏறி, பி.பி. இறங்கிய நாளின் சாயங்காலம் அவருக்கு எதுவும் ஓடாது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் பழைய பெரியப்பா. இயந்திரம் ஓடும்போது மனத் திறன் மிகக் குறைவாகவும், மறுநாள் நன்றாகவும் இருக்கும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன என்பது பிறகு தெரிந்தது. நோட்டை டாக்டரிடம் காட்டினோம். அவர் நரம்பு வலி மாத்திரையின் அளவைக் குறைத்தார். தண்ணீர் எடுக்கும் வேகத்தையும் கவனிக்கச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் தோட்டத்தைக் குத்தகைக்கு விடும் பத்திரம் வந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று ராத்திரியே கையெழுத்து வாங்கிவிடலாம் என்றார் சித்தப்பா. பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அவர் நாளைக் காலையில் படித்துப் பார்க்கட்டும் என்றுவிட்டார். மறுநாள் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பத்திரத்தையும் படித்தார். கிணற்றில் நமக்குள்ள முறைத் தண்ணீர் இதில் எழுதப்படவே இல்லையே என்றார். அது வரை நான்கு பேர் அதைப் படித்திருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை! பத்திரத்தைத் திருத்தி எழுதினார்கள். வரவு செலவு நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

உயிரோடு இருந்தவருக்கு இரங்கல்

ஜே.பி.யின் கதைக்குத் திரும்புவோம். 1979 மார்ச் 22. அவர் ஜஸ்லோக் மருத்துவமனையில் மிக மோசமான நிலையில் இருந்தார். யாரோ கொடுத்த தவறான தகவலை நம்பி, ஜே.பி. காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்துவிட்டார். இரங்கல் உரைகள் நடந்தன. அவை ஒத்திவைக்கப்பட்டது. வானொலி நாடு முழுக்கச் சொன்னது. ஆனால் பம்பாயில் ஜே.பி. உயிரோடு இருந்தார்! பிறகுதான் மறுப்பு வந்தது. அதன் பின்னும் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்தார். தான் உருவாக்கிய ஜனதா அரசு ஜூலையில் கலைந்ததையும் பார்த்தார். அக்டோபர் 8ஆம் தேதி, 77 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, பாட்னாவில் மறைந்தார். 1999இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நாடாளுமன்றமே இரங்கல் சொன்னதைப் படித்து நாம் தலையில் அடித்துக் கொள்கிறோம். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? டயாலிசிஸ் நோயாளியிடம் கணக்குக் கேட்பதில்லை. கல்யாணப் பேச்சில் அவர் கருத்தைக் கேட்பதில்லை. எது வேண்டும் என்பதை அவரைக் கேட்காமலே முடிவு செய்கிறோம். பாவம், அவருக்கு என்ன தெரியும் என்கிறோம். மாலை போடாத இரங்கல் கூட்டம்தானே அது?

நண்பர்களே! நம்மால் செய்யக் கூடியவை இருக்கின்றன. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் முக்கியமான பேச்சை டயாலிசிஸ் இல்லாத நாள் காலையில் வையுங்கள். ஒரே நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள். மாத்திரைகளை எழுதி ஒட்டுங்கள். திடீரென்று குழப்பம் வந்தால் வயசாச்சு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். நோட்டுப் போட்டுக் குறித்து வையுங்கள். அவரிடமிருந்து வேலையைப் பிடுங்காதீர்கள். வேலையைச் சின்னதாக்கிக் கொடுங்கள்.

அடுத்தது நம் தொழில். இந்த டிப்ளமா முடித்து நம்மில் சிலராவது மருத்துவமனைப் பராமரிப்பு வேலைக்குப் போவோம். அங்கே டயாலிசிஸ் அறையின் பின்னால் ஆர்.ஓ. பிளான்ட் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத அறை. அங்கே ஒரு மீட்டரைப் பார்ப்பதும், ஒரு ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும், ரிஜிஸ்டரில் பார்க்காத ரீடிங்கை எழுதாமல் இருப்பதும் நம் கையில். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் ஒரு ஜே.பி.யாக இருக்கலாம், திராட்சைப் பெட்டிக் கணக்கை மனதிலேயே போடும் ஒரு சம்சாரியாகவும் இருக்கலாம். இருவருடைய நினைவும் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறது.